18 இன்ச் மட்டும் போதாது: ஒரு பவர் ரம்பத்துக்குச் செயின் தேடிய வழக்கு

பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து என் பட்டறைக்கு வந்த 58 சிசி பெட்ரோல் ரம்பம் இது. பழைய மெஷினாக வாங்கியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்தன. அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் பவர் ரம்பங்கள் இவ்வளவு பெருகின. அன்று வந்த மெஷின்கள் பல கை மாறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கையேடு எப்போதோ தொலைந்திருக்கும். செயின் சுற்றி ஓடும் நீளமான தட்டை இரும்பான பாரில் அச்சடித்திருந்த எழுத்து தேய்ந்து போயிருக்கும். எந்தக் காலத்தில் யார் எந்த உதிரியை மாற்றினார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது. மாற்றுச் செயின் வாங்கும் சிக்கல் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

தோப்புக்காரரும் அவரிடம் மரம் அறுக்கும் தம்பியும் சேர்ந்து வந்திருந்தார்கள். புதுச் செயின் போட்டு ஒரு மரம்கூட முழுசாக அறுக்கவில்லை. பார் முனையில் புகை, மெஷின் திணறல், அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகிறது. எஞ்சினில் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்கள்.

"பாக்கெட்ல பதினெட்டு இன்ச்சுன்னுதாண்ணே போட்டிருக்கு. பாரும் பதினெட்டுதான். அப்புறம் செயின்ல என்ன தப்பு இருக்கப் போவுது?" என்றான் தம்பி.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. கடையில் போய் "பதினெட்டு இன்ச் செயின் ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த இன்ச் கணக்கு பாருக்கு உரியது, மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அறுக்கும் நீளம் அது. ஒரு செயின் அந்த மெஷினில் உட்காருமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று அளவுகள்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. அவர்கள் கொண்டுவந்த பாக்கெட்டின் பின்பக்கம் இந்த மூன்றும் சிறிய எழுத்தில் இருந்தன: 0.325, 0.063, 74. முன்பக்கம் பெரிதாக 18.

அளந்து பார்த்தது

நல்லவேளையாகப் பழைய செயினைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். செயின் மாற்ற வருகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பழைய செயினே தவறாகப் போட்டதாக இருக்கலாம். அதனால் செயின், பார், செயினை இழுக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் மூன்றையும் தனித்தனியே அளந்தேன்.

முதலில் பிட்ச், அதாவது செயினின் ரிவிட்டுகளுக்கு இடையே உள்ள சராசரித் தூரம். அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். வந்தது 16.5 மி.மீ. அதில் பாதி 8.25, அதாவது 0.325 இன்ச். 3/8 பிட்ச் என்றால் அந்த நீளம் 19 மி.மீ. வந்திருக்கும். புதுச் செயினும் 0.325தான். ஸ்ப்ராக்கெட்டில் 7 பல், அதுவும் 0.325க்கு உரியது. பார் முனையில் சுழலும் சின்னச் சக்கரமும் அதே பிட்ச். இதில் பிழை இல்லை.

எண்ணிக்கையில்தான் முதல் ஓட்டை தெரிந்தது. டிரைவ் லிங்க் என்பது பாரின் பள்ளத்துக்குள் கால் விட்டு ஓடும் தகடு. பழைய செயினில் 72, புதியதில் 74. இரண்டும் 18 இன்ச் பாருக்கு உரியவைதான், தயாரிப்பாளர்தான் வேறு. 0.325 பிட்ச்சில் 18 இன்ச் பாருக்கு ஸ்டில் 74 லிங்க் வைக்கிறது, ஹஸ்க்வர்னா 72. பாரின் வால் பகுதியும் ஸ்ப்ராக்கெட் நிற்கும் இடமும் மெஷினுக்கு மெஷின் மாறுவதால் இந்த வித்தியாசம். 20 இன்ச்சுக்குப் போனால் இன்னும் கூத்து: ஸ்டிலில் 81, ஹஸ்க்வர்னாவில் 80, சந்தையில் கிடைக்கும் பல சீன மெஷின்களில் 76. இன்ச்சை மட்டும் சொல்லி வாங்கினால் எது கையில் வரும் என்பது கடைக்காரரின் அலமாரியைப் பொறுத்தது.

இரண்டு லிங்க்தானே என்று தோன்றும். ஒவ்வொரு டிரைவ் லிங்க்குக்கும் செயினில் இரண்டு பிட்ச் நீளம் போகிறது. ஆக, கூடுதல் நீளம் 33 மி.மீ. அதை இழுத்துப் பிடிக்க பாரை 16 மி.மீ.க்கு மேல் முன்னால் தள்ள வேண்டும். தம்பி அட்ஜஸ்டர் ஸ்குருவைக் கடைசி வரை திருகி எப்படியோ இறுக்கியிருந்தான். செயின் உட்கார்ந்துவிட்டது. ஆனால் புதுச் செயின் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் இளகும், அதற்கு மேல் இறுக்க இடமே மிச்சமில்லை. நல்ல வேகத்தில் இந்த மெஷின் நிமிடத்துக்கு 10,000 சுற்று போகும்போது செயின் நொடிக்கு 19 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் தொளதொளத்த செயின் பாரை விட்டு எகிறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பள்ளம்

புகைக்குக் காரணம் எண்ணிக்கையல்ல, கேஜ். டிரைவ் லிங்க்கின் தடிமன்தான் கேஜ். பாரின் பள்ளத்து அகலம் அதோடு ஒத்துப்போக வேண்டும். புழக்கத்தில் இருப்பவை 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. ஒரு நூலிழை வித்தியாசம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல் வேண்டும். பழைய செயினில் காலின் நுனி தேய்ந்திருந்ததால் அங்கே அளக்காமல் ரிவிட் பக்கத்தில் தேயாத இடத்தில் வைத்து அளந்தேன்: 1.5. புதியது 0.063 இன்ச், அதாவது 1.6.

1.5 பள்ளத்தில் 1.6 செயின் நுழையவே கூடாது. இது எப்படி நுழைந்தது? பாரைக் கழற்றிப் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. பாரின் நடுப்பகுதியில் பள்ளத்தின் வாய் 1.75 வரை அகன்று போயிருந்தது, அதுவும் மேலே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும். முனைப் பக்கம் அவ்வளவு தேயவில்லை, 1.55 இருந்தது. அதாவது அந்த 1.6 செயின் நடுவில் சாய்ந்து ஆடிக்கொண்டும் முனையில் நெரிபட்டுக்கொண்டும் ஓடியிருக்கிறது. முனையோரம் பார் நீலம் பாய்ந்திருந்தது அதனால்தான். எஞ்சின் திணறியதும் அதனால்தான். கார்புரேட்டரைத் தொட வேண்டியிருக்கவில்லை.

தேய்ந்த பாரில் ஒரு அளவு தடித்த செயினைப் போட்டு ஓட்டுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று சொல்வதுண்டு. பார் செலவு மிச்சம் என்று கணக்கு. பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை என்ற ஒன்றை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது.

வளைந்து அறுப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிடக் குட்டையாகவோ மொட்டையாகவோ இருந்தால் ரம்பம் கூரான பக்கம் இழுக்கும். செயின் புதிது என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். மற்றொன்று, பாரின் இரண்டு விளிம்பும் சம உயரத்தில் இல்லாதது, அல்லது பள்ளம் அகன்று செயின் சாய்வது. பாரைக் கண்ணாடித் தளத்தில் விளிம்பு கீழே வரும்படி நிறுத்தினால் செங்குத்தாக நிற்க வேண்டும். இது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் வழக்கமே இருந்ததில்லை என்பதும் தெரிந்தது. செயின் கூர் தீட்டும்போதெல்லாம் பாரையும் புரட்டிப் போட்டிருந்தால் இரு விளிம்பும் ஓரளவு சமமாகத் தேய்ந்திருக்கும்.

பள்ளத்தின் ஆழத்தையும் பார்த்தேன். 0.325 செயினுக்குக் குறைந்தது 6 மி.மீ. ஆழம் வேண்டும். இல்லையென்றால் டிரைவ் லிங்க்கின் கால் அடியில் உரசும். இது எல்லையில் நின்றது. பாரைக் காப்பாற்றுவதற்கான வழி அத்தோடு அடைபட்டது.

மூன்று வழிகள், ஒரு முடிவு

தோப்புக்காரர் முதலில் கேட்டது, வாங்கின செயினை எப்படியாவது ஓட வைக்க முடியுமா என்பதுதான். முடியும். செயின் உடைக்கும் கருவியால் இரண்டு லிங்க்கை எடுத்துவிட்டு, ரிவிட் அடித்துச் சேர்த்து, 1.6 பள்ளமுள்ள புது பார் ஒன்று வாங்கிப் போடலாம். ஆனால் அந்த பாரின் வால் இந்த மெஷினில் பொருந்த வேண்டும். போல்ட் செல்லும் பிளவின் அகலம், அட்ஜஸ்டர் முள் நுழையும் துளை, ஆயில் துளை மூன்றும் சரியான இடத்தில் வர வேண்டும். ஆயில் துளை கொஞ்சம் தள்ளிப் போனாலும் பார் வறண்டு எரியும். ஒரு செயினைக் காப்பாற்ற இத்தனை பாடு வேண்டாம் என்று சொன்னேன். பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார், மரத்தில் வைத்து ஓட்டிய செயினை யார் திரும்ப எடுப்பார்கள்.

இரண்டாவது யோசனை தோப்புக்காரருடையது. பக்கத்துத் தோப்பில் 22 இன்ச் பார் போட்ட மெஷின் இருக்கிறதாம். எப்படியும் பார் மாற்றப்போகிறோம், பெரிதாகவே போடலாமே என்றார். தென்னையின் தண்டு பெரும்பாலும் ஒரு அடி குறுக்களவுதான். அடித்தூர்தான் அகலம். அதையும் 45 செ.மீ. பாரால் இரு பக்கமும் நின்று அறுத்துவிடலாம். நீளமான பார் என்றால் கூடுதல் பற்கள் ஒரே நேரத்தில் மரத்தில் இருக்கும், அதே எஞ்சின் அத்தனையையும் இழுக்க வேண்டும், அதே ஆயில் பம்ப் அத்தனை நீளத்துக்கும் எண்ணெய் கொடுக்க வேண்டும். 18 போதும் என்றதும் தம்பிதான் முதலில் தலையாட்டினான். நாள் முழுக்கத் தூக்கிச் சுமப்பவன் அவன்.

ஆக, 18 இன்ச், 0.325, 1.5 மி.மீ. புது பார், அதே அளவில் 72 லிங்க் செயின், கூடவே புது ஸ்ப்ராக்கெட். ஸ்ப்ராக்கெட் எதற்கு என்று கேட்டார்கள். கிளட்ச் டிரம்மில் இருக்கும் அந்தப் பல் சக்கரத்தில் செயின் பதிந்து ஓடிய தடம் அரை மி.மீ.க்கு மேல் ஆழமாகியிருந்தது. அந்தத் தடத்தில் உட்காரும் புதுச் செயினின் டிரைவ் லிங்க்குகள் சக்கரத்தோடு சரியாகக் கவ்வாது. சீக்கிரமே நீளும், கால் நுனிகள் சிதையும். இரண்டு செயின் தேயும் காலத்தில் ஒரு ஸ்ப்ராக்கெட் மாற்றுவது நல்ல கணக்கு. இந்த மெஷினில் எத்தனை செயின் தேய்ந்தும் அது மட்டும் மாறவே இல்லை.

எந்தப் பல்

அளவு முடிந்தது. செயின் தேர்வு முடியவில்லை. 0.325, 1.5, 72 என்று கேட்டாலும் கடையில் இரண்டு மூன்று வகை கிடைக்கும், எல்லாமே மெஷினில் உட்காரும். எதை அறுக்கப் போகிறோம் என்பது இங்கேதான் வருகிறது. நான் பார்த்தவரை இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

பல்லின் மேல் விளிம்பும் பக்க விளிம்பும் சந்திக்கும் மூலை சதுரமாகக் கூராக இருந்தால் ஃபுல் சிசல். அந்த மூலை உருண்டிருந்தால் செமி சிசல். சுத்தமான மரத்தில் ஃபுல் சிசல்தான் வேகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அறுப்பின் பெரும்பகுதியை அந்த ஒற்றை மூலைதான் செய்கிறது. ஒரு மணல் துகள் அதைத் தின்றுவிட்டால் பல் செத்தது. செமி சிசலில் வேலை ஒரு வளைவு முழுக்கப் பரவுகிறது. மெதுவாக அறுக்கும், மெதுவாக மழுங்கும்.

இவர்கள் தோப்பில் வேலை என்ன என்று கேட்டேன். வாடல் நோய் வந்த தென்னைகளை எடுக்கிறார்கள். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து, மட்டைகள் தொங்கி, மெல்ல மெல்லச் சாகும் அந்த நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர். மண்ணில் வாழும் கானோடெர்மா என்ற பூஞ்சையால் வருவது. அதனால் மரத்தைத் தரையோடு அறுத்துத் தூரையும் வேரையும் தோண்டி எடுத்து அழிக்கச் சொல்வார்கள். அதாவது இந்த ரம்பம் பெரும்பாலும் அறுப்பது மணலை ஒட்டிய அடிப்பகுதியில். இந்தப் பக்கத்து மண்ணும் மணற்பாங்கு. தண்டின் வெடிப்புகளில் வருடக்கணக்காக மணல் அடைந்து கிடக்கும்.

போதாததற்குத் தென்னையே ஒரு முரட்டு மரம். வேம்பு, புளி போல நடுவில் வைரம் பாய்வதில்லை, தலைகீழ். வெளிவளையம் கெட்டி, உள்ளே போகப் போகச் சோறு. வெளிப்புறத்தில் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி, நடுவில் 400க்கும் கீழே. வெளிப்புறத்தில் நெருங்கி நிற்கும் அந்தக் கறுத்த நார்க் கற்றைகள் எந்தப் பல்லையும் சீக்கிரம் மழுக்கும். தென்னையைப் பலகையாக அறுக்கும் மில்களில் கார்பைடு பல் வைத்த பிளேடு போடுவது இதனால்தான்.

பவர் ரம்பத்துக்கும் கார்பைடு செயின் உண்டு. தோப்புக்காரர் அதைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டிருந்தார். விலை பல மடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல், சாதாரண அரத்தால் அதைத் தீட்ட முடியாது, வைரச் சாணை வேண்டும். தோப்பில் உட்கார்ந்து அரம் போடுகிறவனுக்கு அது உதவாது. தீயணைப்புத் துறை போன்ற இடங்களுக்கு அது சரி.

தோப்பு வரப்பில் சீமைக் கருவேலமும் உண்டு, அதையும் இதே மெஷின்தான் அறுக்கும். கெட்டி மரம், காய்ந்தால் இன்னும் கெட்டி. அதற்கும் செமி சிசல் ஒத்து வரும். பச்சை மரத்தைச் சுத்தமான இடத்தில் நாள் முழுக்கத் துண்டு போடும் ஆளாக இருந்தால் ஃபுல் சிசலைத்தான் கொடுத்திருப்பேன். பலகை அறுப்பதென்றால் கதை வேறு: நீளவாக்கில் அறுக்க மேல் விளிம்பை 10 டிகிரியில் தீட்டிய ரிப்பிங் செயின் வேண்டும். குறுக்கே அறுக்கும் சாதாரணச் செயினில் அது 30 டிகிரி.

இந்தப் பல் வடிவம் பற்றி ஒரு துணுக்கு. இடதும் வலதுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டு போகும் இன்றைய செயினுக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரம் வெட்டி ஜோசப் காக்ஸ். 1946இல் ஒரு அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவின் தாடைகள் இடவலமாக வேலை செய்வதைக் கவனித்து அதையே எஃகில் செய்தார். காண்டாமிருக வண்டோடும் சிவப்புக் கூன்வண்டோடும் மல்லுக்கட்டும் தென்னைக்காரர்களிடம் இதைச் சொன்னால் வண்டுக்கு இவ்வளவு மரியாதையா என்பார்கள்.

பின் உதைப்பைக் குறைக்கும் வகையா என்பதையும் பாக்கெட்டில் பார்த்தோம். பார் முனையின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் ஆளின் முகத்தை நோக்கி எகிறும். பற்களுக்கு முன்னால் சிறு திமில் வைத்த லிங்க்குகள் உள்ள செயின் அந்த உதையை ஓரளவு தணிக்கும். தம்பிக்குத் தலைக்கவசமும் இல்லை, கால் கவசமும் இல்லை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் அறுக்கிறான். செயினை மட்டும் பாதுகாப்பானதாக வாங்கி என்ன பயன் என்று தோப்புக்காரரிடம் நேராகவே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

வாங்கும்போது பாக்கெட்டை மட்டும் நம்பாமல் செயினையே பார்க்கச் சொன்னேன். ஓரிகன் என்ற கம்பெனியின் செயினில் டிரைவ் லிங்க்கில் எண் பொறித்திருக்கும். 0.325 பிட்ச்சில் 20 என்றால் 1.3 மி.மீ., 21 என்றால் 1.5, 22 என்றால் 1.6. ஸ்டில் செயினில் டிரைவ் லிங்க்கில் 3, 5, 6 என்று ஒற்றை இலக்கம் இருக்கும், முறையே 1.3, 1.5, 1.6. எண்ணே இல்லாத செயின் என்றால் வெர்னியர் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதே என்றேன்.

போட்ட பிறகு

செயினை இரவு முழுக்க பார் ஆயிலில் ஊறப்போட்டு மறுநாள் மாட்டினோம். பாதி வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கினோம். அட்ஜஸ்டர் நடுவிலேயே நின்றது, முன்னால் இன்னும் இடம் மிச்சம். இறுக்கம் சரியா என்பதற்குத் தம்பிக்குச் சொன்னது இதுதான்: பாரின் அடியில் செயின் தொங்கக் கூடாது, கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். சூட்டில் தளர்ந்த செயினை இறுக்கி வேலை பார்த்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும். ஆறும்போது சுருங்கி எஞ்சினின் கிராங்க் பேரிங்கையே இழுத்துவிடும்.

பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டி ஊற்றும் பழக்கத்தை விடச் சொன்னேன். அதில் இரும்புப் பொடி மிதக்கிறது. ஸ்ப்ராக்கெட் மூடியை ஒவ்வொரு டாங்க் பெட்ரோலுக்கும் ஒருமுறை கழற்றி நாரைச் சுரண்டி எடுக்க வேண்டும். தென்னை நார் அங்கே அடைத்துக்கொண்டால் ஆயில் பாருக்குப் போகாது. அறுக்கும் முன் அடித்தண்டைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அந்தச் செயின் கூடுதலாக எத்தனையோ மரம் தாங்கும். இதைக் கேட்டுத் தம்பி சிரித்தான். ஆனால் செய்கிறான் என்று பிறகு தெரிந்தது.

அரம் 4.8 மி.மீ. உருண்டை அரம். இதையும் கடையில் இன்ச் சொல்லி வாங்கியிருந்தார்கள், 3/8 லோ புரொஃபைல் என்ற வேறு வகைச் செயினுக்கான 4 மி.மீ. அரம் கையில் இருந்தது. சின்ன அரம் பல்லின் வயிற்றைத் தோண்டி விளிம்பை மெலிய வைக்கும். நாலைந்து முறை தீட்டிய பிறகு பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும், பல் விளிம்புக்கு 0.65 மி.மீ. கீழே. அதை மறந்துவிட்டுப் பல்லை மட்டும் தீட்டினால் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைக் கவ்வாது. அதிகம் இறக்கினால் கவ்விக்கொண்டு உதைக்கும்.

மெஷின் இப்போது நேராக அறுக்கிறது, முனையில் புகை இல்லை. தென்னையில் விழுவது நார்த் துண்டுகள் என்பதால் செயின் மழுங்கியதைத் தூளை வைத்துச் சொல்வது கடினம். கருவேலத்தில் வைத்துப் பார்த்தால் சீவல் சீவலாக வந்தது. அடுத்த முறை தோப்புக்காரர் வந்தபோது அதே அளவில் இன்னும் இரண்டு செயின் கேட்டார், மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு ஸ்ப்ராக்கெட்டோடு ஒன்றாகத் தேயவிட. கடைக்குத் தம்பியைத்தான் அனுப்பினார். 0.325, 1.5, 72, செமி சிசல் என்று பீடிக்கட்டின் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு போனான்.